தாத்தாவின் படகு விறகாக வேண்டுமா?



இந்த முறை கோத்தா திங்கி வட்டாரத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். எழுதிய தம்பி தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் பெயரை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, ஜொகூர் ஆற்றங்கரைக் கம்பம் ஒன்றில் ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம் பாய்மரப் படகு வாங்கினார். 'கோலெக்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் வகை. நீளம் பதினெட்டு அடி. விற்றவரே கூட உட்கார்ந்து பாய் விரிக்கவும் கற்றுக்கொடுத்தாராம். தாத்தாவும், அவருக்குப் பிறகு அப்பாவும், ஆற்றின் முகத்துவாரம் வரை போய் மீன் பிடித்து வந்திருக்கிறார்கள். அப்பா காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. அன்றிலிருந்து படகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கிறது. பலகைகளுக்கு நடுவே ஐம்பது காசு நாணயம் சுலபமாக நுழைகிறதாம். உள்ளே குனிந்து பார்த்தால் வெளிச்சம் தெரிகிறதாம்.

"செத்த படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உடைத்து விறகாக்கு, இல்லை வந்த விலைக்குத் தள்ளு. வேண்டுமானால் ஃபைபர் படகு வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார் அண்ணன். தம்பிக்கோ அதைப் பழுது பார்த்து, மோட்டார் இல்லாமல், தாத்தா போனது போலவே பாய் விரித்துப் போக வேண்டும் என்று ஆசை. இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. கடைசியில் அம்மா, "பத்திரிகைக்கு எழுதிக் கேள். அவர் சொல்கிறபடி செய்யலாம்" என்று முடித்துவிட்டாராம். அந்த அம்மா என் தலையில் எவ்வளவு பெரிய சுமையை ஏற்றி வைத்துவிட்டார் பாருங்கள்!

முதலில் அந்த நாணயம் நுழைகிற இடைவெளியைப் பற்றிப் பேசுவோம். படகு செத்துவிட்டது என்று அண்ணன் முடிவு கட்டியது அதைப் பார்த்துத்தானே? இதே நோய் உலகப் புகழ் பெற்ற ஒரு படகுக்கும் வந்தது. நமக்கு அது அவ்வளவு அந்நியமான கதை அல்ல.

'ராஜூலா' கப்பலை நம்மில் பல குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தி எடுத்து, கஞ்சி குடித்து வந்து சேர்ந்த கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கப்பலை நடத்தியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அதே கம்பெனியில் 1960களில் வேலை பார்த்த ஓர் இளம் அதிகாரிதான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர்.

அவர் பம்பாயில் கொலாபா பட்டறையில் ஒரு பாய்மரப் படகு கட்டச் சொன்னார். முப்பத்திரண்டு அடி நீளம், முழுவதும் தேக்கு. வாய்ச்சியால் செதுக்கி, வில்லால் சுழற்றும் தமரால் துளையிட்டு, இந்தியத் தச்சர்கள் கையாலேயே கட்டினார்கள். 1964 டிசம்பரில் தேங்காய் உடைத்து அதை நீரில் இறக்கினார்கள். பாரசீக வளைகுடாவில் அராபிய மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வைத்திருந்த 'சுஹைலி' என்ற பெயரையே படகுக்கும் வைத்தார். தன் தம்பியையும் ஒரு நண்பரையும் ஏற்றிக்கொண்டு அதை இங்கிலாந்துக்கு ஓட்டிப் போனார். வழியில் பணம் தீர்ந்து தென்னாப்பிரிக்காவில் தங்கி, வேலை செய்து, பிறகு பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

எங்கும் நிற்காமல், தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டி 1968இல் வந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டனும் முதலில் நம் தம்பியின் அண்ணனைப் போலத்தான் நினைத்தார். சுஹைலியை விற்றுவிட்டுப் பெரிய புதுப் படகு கட்டலாம் என்று பார்த்தார். பணம் சேரவில்லை. சரி, இருப்பதை வைத்துப் போவோம் என்று 1968 ஜூன் 14ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறையிலிருந்து கிளம்பினார். சில வாரங்களிலேயே படகின் அடியில் பலகை மூட்டுகளில் நீர் கசியத் தொடங்கியது. நடுக்கடலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் இறங்கினார். வெள்ளை உடம்பு சுறாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று கருப்புச் சட்டை போட்டுக்கொண்டார்! கித்தான் பட்டையை மூட்டின் மேல் வைத்துத் தாமிர ஆணிகளால் அடித்து, அதன் மேல் தாமிரத் தகடும் அடித்தார். மூச்சுப் பிடிக்கும் நேரத்துக்கு ஓர் ஆணி, இரண்டு ஆணி. அந்த ஒட்டோடு 312 நாள் ஓடி, 1969 ஏப்ரல் 22ஆம் தேதி அதே ஃபால்மவுத் துறைக்குத் திரும்பினார். ஒன்பது பேர் கிளம்பிய போட்டியில் முடித்தவர் அவர் ஒருவர்தான். கிடைத்த 5,000 பவுன் பரிசை, அந்தப் போட்டியில் உயிரிழந்த மாலுமி ஒருவரின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

இவ்வளவு பாடுபட்ட படகை என்ன செய்வார்கள்? பத்திரப்படுத்தினார்கள். 1990களில் அது கிரீனிச் நகரில் உள்ள தேசியக் கடல்சார் அரும்பொருளகத்துக்குள் போயிற்று. மழை இல்லை, வெயில் இல்லை, அலை இல்லை. காற்றின் ஈரத்தைக்கூட அளந்து வைக்கும் அறை. அந்தச் சொகுசுதான் அதற்கு எமனாக வந்தது. ஈரம் குறைந்து பலகைகள் சுருங்கத் தொடங்கின, மூட்டுகள் வாய் திறந்தன. தென்கோடிப் பெருங்கடலின் மலை போன்ற அலைகள் செய்யாததை உலர்ந்த காற்று செய்தது. படகு இப்படிச் சாக வேண்டாம் என்று 2002இல் அவர் அதை வெளியே எடுத்துப் பழுது பார்த்தார். 2005இல் அது மறுபடி பந்தயத்தில் ஓடியது. பிறகு இன்னொரு முறை பல ஆண்டுகள் கரையில் ஏற்றி வைத்து, தன் எழுபது வயதுக்கு மேல், தன் கையாலேயே வேலை பார்த்தார். 2018 ஜூன் 14ஆம் தேதி, கிளம்பி ஐம்பது வருடம் நிறைந்த அன்று, அதே ஃபால்மவுத் கடலில் சுஹைலி பாய் விரித்தது.

இப்போது கோத்தா திங்கிக் கொட்டகைக்கு வருவோம். வெயில் நேரத்தில் தகரக் கூரையின் கீழே நின்று பார்த்திருக்கிறீர்களா? அடுப்புக்கு மேல் நிற்பது போல இருக்கும். பத்து வருடம் அந்தச் சூட்டில் கிடந்த பலகை சுருங்காமல் என்ன செய்யும்? வெளிச்சம் தெரிவதால் மட்டும் படகு செத்துவிட்டதாக ஆகாது. மரப்படகு தண்ணீரில் கிடந்து பலகை ஊறிப் பருத்து, ஒன்றை ஒன்று நெருக்குவதால்தான் நீர் புகாமல் நிற்கிறது. காய்ந்த தொட்டியில் தண்ணீர் நிற்காது. ஊறிய தொட்டியில் நிற்கும். அந்தக் காலத்து மரப் பீப்பாய்களைப் புழங்கியவர்களுக்கு இது தெரியும்.

ஆகவே தம்பி, முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். அந்த இடைவெளிகளைப் பார்த்துப் பதறிப்போய்ச் சிமெண்ட்டோ, கெட்டிப் பசையோ திணித்துவிடாதீர்கள். இன்று அடைத்தது இறுக்கமாக இருக்கும். நாளை நீரில் இறங்கியதும் பலகை பருக்கும். பருப்பதற்கு இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும், வங்கைப் பிளக்கும். (வங்கு என்பது படகின் விலா எலும்பு. நம் ஊர்க் கடற்கரைத் தச்சர்களின் சொல். அடிமரத்தை ஏரா என்பார்கள்.) அதேபோல, "மேலே ஒரு கோட் ஃபைபர் அடித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று யாராவது யோசனை சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பழைய மரத்துக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல், மேலே பளபளப்பாகவும் உள்ளே மாவாகவும் போய்விடும்.

செய்ய வேண்டியது, சோதனை. ஒரு நாள் முழுதும் ஒதுக்குங்கள். படகை நிமிர்த்தி, குப்பையை வாரி, நன்றாகக் கழுவுங்கள். பிறகு சுத்தியலின் மரப்பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும் நல்லதுதான். நல்ல மரம் கணீரென்று பேசும், கெட்ட மரம் பொதக்கென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் குத்தூசியை அழுத்துங்கள். அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அங்கே மரம் இல்லை.

எங்கே முதலில் கெட்டிருக்கும்? உப்புத் தண்ணீர் பட்ட அடிப்பக்கம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மரத்தை உளுக்க வைப்பது மழைத் தண்ணீர். மேலிருந்து சொட்டி, உள்ளே மூலையில் தேங்கி, காற்றுப் படாமல் கிடக்கும் நல்ல தண்ணீர். வங்கின் நுனி ஏராவைத் தொடும் இடம், பாய்மரம் ஊன்றும் குழி, முன்னணியத்தில் பலகைகள் வந்து கூடும் மூலை, இந்த மூன்றையும் விடாமல் குத்திப் பாருங்கள். கொட்டகைக் கூரையில் எந்த இடத்தில் ஓட்டையோ, அதற்கு நேர் கீழேயும் பாருங்கள்.

பிறகு ஆணிகள். இரும்பாணி அடித்திருந்தால் அதைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருக்கும், துருநீர் கண்ணீர் வடிந்த மாதிரி கோடு இழுத்திருக்கும். அந்த ஆணியை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதீர்கள், படகின் உருவமே சரிந்துவிடும். ஒன்றை எடுத்து, அந்த இடத்தைச் சரிசெய்து, புதிதை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தாமிரமோ வெண்கலமோ கட்டுப்படியானால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் துத்தநாகப் பூச்சு கனமாக உள்ளதை வாங்குங்கள். சுவரில் படம் மாட்டுகிற ஆணி இதற்கு ஆகாது.

கப்பல் புழு என்று ஒன்று உண்டு. பெயர்தான் புழு. உண்மையில் அது மட்டி, சிப்பிகளின் இனம். வெளியே குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே நுழையும். உள்ளே போனபின் விரல் பருமனுக்குச் சுரங்கம் தோண்டி, சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு குடித்தனம் நடத்தும். ஜொகூர் ஆற்றின் முகத்துவாரம் போன்ற உவர் நீரும் சதுப்பு மரக் காடும் உள்ள இடங்கள் அதற்குச் சொர்க்கம். பத்து வருடம் கரையில் கிடந்ததில் உள்ளே இருந்தவை எல்லாம் செத்திருக்கும். ஆனால் அவை தின்றுவிட்டுப் போன மரம் திரும்பி வராது. குண்டூசி ஓட்டைகள் கூட்டமாகத் தெரிந்தால் அந்தப் பலகையை மாற்றுவதே வழி.

மாற்றுப் பலகைக்கு எங்கே போவது? தாத்தாவின் படகு செங்கால் மரமாக இருக்கலாம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதிர்ஷ்டக்காரர். இந்த நாட்டு மரங்களில் படகுக்கு அதற்கு மிஞ்சியது இல்லை. திரெங்கானுவில், ஆறு கடலோடு சேரும் இடத்தில், டூயோங் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் செங்காலில்தான் படகு கட்டினார்கள். அவர்கள் முறையே தனி. வரைபடம் கிடையாது, அளவு எல்லாம் தச்சரின் கண்ணில். மற்ற ஊர்களில் விலாவை நிறுத்திவிட்டுப் பலகை அடிப்பார்கள். இவர்களோ பலகையை முதலில் அடுக்கி மேனியைச் செய்துவிட்டு, விலாவைப் பிறகு வைப்பார்கள். பலகையோடு பலகை சேர்வது மர முளைகளால். நடுவே கெலாம் மரத்தின் பட்டையை வைப்பார்கள். காகிதம் போல் ஏடு ஏடாக உரியும் பட்டை அது, ஈரம் பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் கம்போங் கிளாம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களே, அந்தப் பெயர் இந்த மரத்தால் வந்ததுதான்.

செங்கால் இன்று கிராக்கி. புதுப் பலகை விலை கேட்டால் அண்ணன் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள்! பழைய மர வீடு பிரிக்கிற இடங்களில் விசாரியுங்கள். தூணாகவும் தரைப் பலகையாகவும் ஐம்பது வருடம் நின்று முற்றிய மரம் கிடைக்கும். உங்களுக்குத் தேவை நாலைந்து பலகைதானே. வங்கு விரிசல் விட்டிருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். பக்கத்திலேயே புதிதாக ஒன்றை வளைத்து வைத்துச் சேர்த்து முடுக்கிவிடலாம்.

மூட்டு அடைப்பதைத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் கலப்பத்து என்பார்கள். பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து, மழுங்கிய உளியால் மூட்டுக்குள் மெல்லச் செலுத்தி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய மெழுகைப் பூசுவார்கள். குங்கிலியத்தை மலாயில் டாமார் என்பார்கள். அதில் உயர்ந்த ரகம் ஒன்று செங்கால் மரத்திலிருந்தே வடிகிறது. தன் காயத்துக்குத் தானே மருந்து வைத்திருக்கும் மரம்! பால் வெட்டிய குடும்பத்துக்கு இந்த வித்தை புரியாமலா போகும்? கலப்பத்து அடிக்கும்போது கை மட்டும் இலேசாக இருக்கட்டும். திரி மூட்டில் உட்கார்ந்தால் போதும், இறுக வேண்டியதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

எதுவரை முயற்சி செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆசையை மட்டும் வளர்த்துவிட்டுப் போனால் அது நியாயம் ஆகாது. ஏரா உறுதியாக இருந்து, வங்குகளில் பாதிக்கு மேல் நல்லபடி இருந்தால் வேலையைத் தொடங்குங்கள். ஏராவே உளுத்துப் போயிருந்தால் வேண்டாம். அதை மாற்றுவதும் புதுப் படகு கட்டுவதும் ஒன்றுதான். அந்த நிலையில் கடன் வாங்கி அதில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் படிப்புக்கு வைத்த வெள்ளியைத் தாத்தாவின் படகே ஆனாலும் விழுங்கக் கூடாது. அப்போது பாய்மரத்தையும் சுக்கானையும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

விற்றுவிடலாம் என்கிற அண்ணனையும் நான் குறை சொல்லவில்லை. விற்கப்பட்ட தமிழ்ப் படகு ஒன்று பெரும் பேர் வாங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் தோட்டங்களில் அந்த நாளில் கிராணியாக இருந்தவர்கள் பலர் யாழ்ப்பாணத்துக்காரர்கள் அல்லவா? அவர்கள் பேனா பிடித்து இங்கே வந்தார்கள். அவர்கள் சொந்தக்காரர்கள் சுக்கான் பிடித்து வங்கக் கடலையே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் மேஸ்திரிகள் வேப்ப மரத்தால் கட்டிய சுமார் தொண்ணூறு அடிப் பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்தார். அவர் லேசுப்பட்டவர் அல்லர். 1928க்கும் 1931க்கும் இடையே 'ஸ்வாப்' என்ற முப்பத்திரண்டு அடிப் படகில் உலகைச் சுற்றி வந்தவர். அவருக்கு இந்தக் கப்பல் மேல் ஆசை வந்து வாங்கிவிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகளே சூயஸ் வழியாக அதை ஓட்டிக்கொண்டு போய், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டிய தமிழர் கட்டிய கப்பல்! பாஸ்டன் பத்திரிகையே எழுதியது.

பெருமைதான். ஆனால் போய்ச் சேர்ந்த கப்பலின் பெயர் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்'. வாங்கியவர் தம் மனைவி பெயரை வைத்துவிட்டார். காசு கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு, தப்பில்லை. விற்பதாக இருந்தால் இதையும் நினைத்துக்கொண்டு விற்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி, பாய் விரிப்பது. நம் ஜொகூர்க் கரையில் ஒரு காலத்தில் பாய் இல்லாத நாள் இல்லை. 1924இல் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடற்பாலம் திறந்தபோது நீரிணை குறுக்கே அடைபட்டது. சிறு படகுகள் போக ஜொகூர் பக்கம் மதகு போல ஒரு வழி விட்டிருந்தார்கள். யுத்தத்தில், 1942இல், அது தகர்க்கப்பட்டது. பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை. 1950, 60களில் மோட்டார் வந்தது. மோட்டார் வந்ததும் பாய் சுருட்டி வைக்கப்பட்டது. காற்றுக்குக் காத்திருக்க யாருக்கு நேரம்?

பாய் என்றால் பின்னாலிருந்து காற்று தள்ளிக்கொண்டு போகும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பக்கக் காற்றிலும் அது போகும், அதில்தான் வேகமாகவும் போகும். எதிர்க்காற்றில் நேராகப் போகாது. மலைச்சரிவுத் தோட்டத்தில் வளைந்து வளைந்து ஏறுகிற பாதையைப் போல, வலமும் இடமும் மாறி மாறிக் குறுக்கே ஓடி முன்னேற வேண்டும். அப்படித் திருப்பும் ஒவ்வொரு முறையும் பாய் மறுபக்கம் வீசும். தலையைக் குனியாதவனுக்குப் பாயின் கட்டை பாடம் சொல்லிக் கொடுக்கும். இதெல்லாம் எழுத்தில் வராது, தம்பி. உங்கள் தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவரின் பிள்ளைகள் யாராவது அதே கம்பத்தில் இருப்பார்கள். போய்ச் சலாம் சொல்லிக் கேளுங்கள். படகு யார் வீட்டுப் படகு என்று சொன்னாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

ராமநாதபுரச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. தொண்டி வட்டாரத்தில் திருவிழாக் காலங்களில் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. மீன் பிடிக்க மோட்டார், பந்தயத்துக்குப் பாய். காற்றில் படகு சாயும்போது பிடிமானத்துக்கு ஆட்கள் பலகையில் வெளியே ஏறிச் சாய்வார்கள், கனத்துக்கு மணல் மூட்டையும் வைப்பார்கள். அங்கே சொந்தம் இருந்து ஊருக்குப் போகிறவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மெர்சிங் பக்கமும் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியேயும் அப்போது கடல் நமக்கு வேண்டாம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை 'சுமத்ரா' என்று சொல்லும் சூறைக்காற்று, விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து திடீரென்று அடிக்கும். மேற்கே கருமேகம் சுவர் போல எழுந்தால் பேச்சே வேண்டாம், பாயை இறக்கிக் கரைக்கு வந்துவிடுங்கள். முதல் பருவம் ஆற்றுக்குள்ளேயே பழகுங்கள். முகத்துவாரத்தில் தெக்கோங் தீவுப் பக்கம் சிங்கப்பூரின் கடல் எல்லை வந்துவிடும். காற்று தள்ளிக்கொண்டு போனது என்று சொன்னால் காவல் படகில் வருகிறவர்கள் கேட்க மாட்டார்கள். படகைப் பதிவு செய்வதற்குக் கடல்துறை அலுவலகத்திலும், மீன் பிடிப்பதாக இருந்தால் மீன்வளத் துறையிலும் கேட்டு முடித்துவிட்டே நீரில் இறக்குங்கள். ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை. "எனக்கு நீச்சல் தெரியும்" என்ற பேச்சு கரையோடு போகட்டும்.

வேலை எல்லாம் முடிந்த பிறகு, நீர் ஏற்றத்தின்போது படகை ஆற்றில் இறக்கி, ஆழமில்லாத இடத்தில் இரண்டு பக்கமும் கட்டிவிடுங்கள். முதல் நாள் தண்ணீர் பொலபொலவென்று உள்ளே வரும். படகு பாதி முழுகினாலும் கலங்க வேண்டாம், அப்படியே ஊறட்டும். இரண்டாம் நாள் வரவு குறையும். மூன்று நான்கு நாளில் ஒரு வாளி இரைத்தால் ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு ஒரு நாள் தாங்கும். ஒரு வாரம் ஆகியும் குறையாத மூட்டு எதுவோ அதற்கு மட்டும் சாக்கட்டியால் குறி போட்டு, கரை ஏற்றி மறுபடி கலப்பத்து அடியுங்கள். அந்த முதல் இரண்டு நாளும் இராப் பகலாக ஆள் மாற்றி ஆள் தண்ணீர் இரைக்க வேண்டியிருக்கும். ஒருவரால் முடியாது. அண்ணனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.